சொல்லுக்கு முன்னால் வரும் கை

தொலைபேசியில், ரூத் மிஸ்ஸுக்குத் துணையாக இருந்த ராஜாத்தியின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "மிஸ்ஸு காலையில எந்திரிக்கல அக்கா. காது மெஷினு ராத்திரி வச்ச தட்டுலயேதான் கெடக்கு." அந்தக் கருவியை மாட்டாமல் ரூத் மிஸ் கழித்த காலைகள் ஏராளம். அதனால் இரண்டாவது வாக்கியம் எனக்குப் பழகியதாகத் தோன்றியது. முதல் வாக்கியம் உறைக்கச் சற்று நேரமாயிற்று.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கணக்கு மிஸ். சிலருக்கு, பிரசங்கம் நீண்டால் காதுக் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுப் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் முன்வரிசைக் கிழவி. இரண்டாம் உலகப் போரின்போது, இருபது வயது நிரம்பாத பெண்ணாக, டெல்லியில் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் என்பது மிகப் பிந்தித்தான் தெரிய வந்தது. வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாராம். அதுவரை, "டெல்லியில கிளார்க்கா இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. "உங்களுக்கு ஜப்பான் மொழி தெரியுமா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு வார்த்தை தெரியாது."

"பிறகு எப்படி?"

"அர்த்தம் பாக்குறது எங்க சோலி இல்லம்மா. அதுக்கு வேற ரூம்ல ஆளு இருந்தாங்க. நாங்க பழக்கத்தைப் பாப்போம். செய்தியெல்லாம் நம்பராத்தான் வரும். எந்த நம்பர் எதுக்கு முன்னால வருது, எது சும்மா இடத்தை அடைக்க வருதுன்னு. மனுசன் எதை மறைச்சாலும் பழக்கத்தை மறைக்கத் தெரியாது."

"அப்படி உடைத்ததால் என்ன நடந்தது?"

"யாருக்குத் தெரியும்? பேப்பரை உள்ள குடுப்போம். அது எங்க போச்சு, அதனால யாரு பிழைச்சா, யாரு செத்தா, ஒருத்தரும் வந்து சொல்லல." அவர் குறைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றைத்தான். அன்றும் நான் பாதிதான் நம்பினேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது பக்கம் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. பசிக்கிறதா என்றால் "நாளைக்கு." வலிக்கிறதா என்றாலும் "நாளைக்கு." எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு மலையடிவாரத்தில், கன்னிவாடியில், காய்கறிக் கமிஷன் கடை. அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக விரும்பினார். நான் மறுத்தேன். வாழ்நாள் முழுவதும் மலையில் இருந்தவர், இறங்கச் சம்மதிக்க மாட்டார் என்றேன்.

"ஏம்மா, நீ அவரக் கேட்டியா?"

"நீங்கள் கேட்டீர்களா?"

கேட்டால் என்ன பதில் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த வீட்டு ரூத் மிஸ் அழைக்காமலே வந்தார். காதுக் கருவியைக் கழற்றி ஒரு காப்பித் தட்டில் வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அப்போது அப்பாவைக் கவனித்துக்கொண்டவள் இதே ராஜாத்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயாவுக்குப் பேச வராது, மிஸ்ஸுக்குக் கேக்காது. நல்ல சோடிதான்!"

பல காலைகள் அப்படியே போயின. ஒருநாள் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "நீங்க எல்லாரும் அந்த ஒரு வார்த்தையவே பிடிச்சுத் தொங்குறீங்க. எனக்கு அது கேக்கறதில்ல, அதனால தொல்லையும் இல்ல. அது சும்மா இடத்தை அடைக்க வர்ற நம்பர். அவரு இடது கையைப் பாரு."

பார்த்தேன். அப்பாவின் இடது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. சில சமயம் வாய் திறப்பதற்கு முன்னால், சில சமயம் சொல் வந்த பிறகு.

"பதில் தெரிஞ்ச கேள்வியாக் கேளுங்க" என்றார் மிஸ்.

"ஐயா, பாவக்கா கொழம்பு வைக்கட்டுங்களா?" என்றாள் ராஜாத்தி. "நாளைக்கு" என்றது வாய். பாகற்காயைத் தொடவே மாட்டாத அப்பாவின் கை பின்னால்தான் வந்தது. காப்பி வேண்டுமா என்றதும் கை முந்திக்கொண்டது. அப்புறம் ரூத் மிஸ், தெருவுக்கே கேட்கும் தன் குரலில், "டைம்கீப்பர்! பூம்பாறை பஸ்ஸு கன்னிவாடி வழியாத்தானே போகுது?" என்றார். ஒன்று மலைக்குள் எங்களுக்கும் அப்பால் இருப்பது, மற்றது அடிவாரத்தில். அப்பா கண்ணை உருட்டி, "நாளைக்கு!" என்று கத்தினார். அதன் பிறகே கை போர்வையை உதறியது. நாங்கள் சிரித்தோம். அப்பாவின் உதட்டின் ஒரு ஓரமும் எழுந்தது. அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

நான் நிபந்தனை போட்டேன். சோதிக்கும்போது மிஸ் எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கேள்விகளை நானே கேட்பேன். அவருக்கு அதில் மகிழ்ச்சிதான். "நம்பாதே. அதான் சரி. ஆசைப்பட்டுப் படிக்கிறவன் தப்பாத்தான் படிப்பான்." ஒரு வாரம் சோதித்தேன். அப்பா களைத்திருந்த வேளைகளைத் தவிர, கை முந்தினால் ஆமாம், பிந்தினால் இல்லை என்ற கணக்கு பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ரூத் மிஸ்ஸும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு மிஸ் அலையுறீங்க?" என்றார் அண்ணன்.

"இந்தத் தடவையாவது முடிவைப் பாத்துட்டுத்தான் போவேன்."

நான்தான் கேட்டேன். "அப்பா, நம்ம வீட்டுலயே இருக்கீங்களா?"

"நாளைக்கு." கை அசையாமல் கிடந்தது. வாய் மூடிய பிறகுதான் போர்வையைத் தொட்டது.

"அண்ணன்கூடக் கன்னிவாடிக்குப் போறீங்களா?"

நான் கேட்டு முடிப்பதற்குள் கை போர்வையை அள்ளி நெஞ்சுவரை இழுத்துவிட்டது. சொல் மெதுவாகப் பின்னால் வந்தது.

ராஜாத்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயாவுக்குக் குளிரு ஆகல அக்கா. வெள்ளனே பாத்தா வெரலெல்லாம் வெறைச்சுக் கெடக்கு" என்றாள்.

"அவருக்கு அசதியாக இருக்கும். இன்னொரு தடவை கேட்கிறேன்" என்றேன்.

ரூத் மிஸ் என் உதட்டைப் படித்துவிட்டார். என் மணிக்கட்டில் கை வைத்தார். "ஒரு வாரமா நீதானே செக் பண்ணுன? பாவக்காய்க்குச் சரியா இருந்த கணக்கு இதுக்கு மட்டும் தப்பாயிருமா? செய்தி நமக்குப் பிடிச்ச மாதிரி வரணும்னு சட்டம் இல்லம்மா."

அண்ணன் அப்பாவின் துணிகளை மடிக்கத் தொடங்கினார். "போர்வைய விட்றாதீங்க அண்ணே, பேச்சு பூரா அதுலதான் இருக்கு" என்றாள் ராஜாத்தி.

அப்பா கடைசி இரண்டு ஆண்டுகள் கன்னிவாடியில் இருந்தார். அண்ணன் கடை வாசலில், வெயிலில், அந்தப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு போகிற வருகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாமதமாக வந்த பேருந்தின் ஓட்டுநரை "நாளைக்கு" என்று திட்டியதும் உண்டு. நான் போய்த் திரும்பும்போதெல்லாம் ரூத் மிஸ் வாசலில் நிற்பார், காதுக் கருவியை மாட்டிக்கொண்டு. "என்ன செய்தி?" ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். டெல்லியில் யாரும் வந்து சொல்லாததற்கும் சேர்த்து அவர் கேட்டுக்கொண்டதாக எனக்குத் தோன்றும்.

அடக்க ஆராதனையில் போதகர், ரூத் மிஸ்ஸின் உழைப்பு போரின் போக்கையே மாற்றியது என்றார். இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவரும் தெரியும் என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர் ஒரு செய்தியைப் பிரித்துப் படித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது எனக்கு எதிரான செய்தி. சரியாகவும் இருந்தது. இவ்வளவுக்குத்தான் நான் சாட்சி.

கடைசியாக அவரைப் பார்த்தபோது அவருக்கு நினைவு சற்றுக் கலங்கியிருந்தது. கருவி தட்டில் இருந்தது. "உங்க அப்பாவுக்குக் கன்னிவாடி பிடிச்சுதா?" என்றார். அப்பா இறந்து வெகுநாளாகியிருந்தது. முன்பே பல முறை கேட்ட கேள்விதான்.

"பிடிச்சுது மிஸ்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை முன்னால வந்துச்சு" என்றார். "அப்ப சரி."

பிடிக்காத பதில் வரும்போது இன்னொரு முறை கேட்க இப்போதும் வாயெடுக்கிறேன். அப்போது மணிக்கட்டில் மிஸ்ஸின் கை வந்து அமர்கிறது. குளிர்ந்த, எலும்பு தெரிகிற, கனமே இல்லாத கை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.