எனக்கு ரெண்டு மூச்சு

கதை படிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம். இது எனக்கு நடந்தது. பேயெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும் என்று கிண்டல் அடித்துத் திரிந்தவன் நான். எனக்கு நடந்ததோ பட்டப்பகலில், வேலை நேரத்தில்.

நானும் என் மனைவியின் தம்பியும் சிலிண்டர் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் வேலை செய்கிறவர்கள். அறுந்த நங்கூரம், அடைத்துக்கொண்ட குழாய், மூழ்கிய படகு என்று எதுவானாலும் துறைமுகத்தில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பார்க்கவேண்டியது ஒரு பழைய இழுவைக் கப்பல். பல வருஷமாக அடியில் கிடக்கிறது. அதை வெட்டி எடுப்பதற்கு முன்னால், இன்ஜின் அறையில் எண்ணெய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசல் குறுகல், ஒரு ஆள்தான் நுழையலாம். அதனால் நான் உள்ளே போவது, மச்சினன் வாசலில் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று ஏற்பாடு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, இறுகிப் போகாமல் இருக்கக் கால் சுற்று திருப்பி வைப்போம். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் மச்சினன் சந்தேகப் பிராணி. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். குதிக்கப் போகும்போது என் முதுகுப் பக்கம் வந்து வால்வைத் திருகினான்.

"திறந்துதான் இருக்கு மாப்ள."

"இருக்கட்டும் மாமா. அக்காவுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

அவன் திருகியது தப்பான பக்கம். முழுக்க மூடிவிட்டு, கால் சுற்று மட்டும் திறந்து வைத்துவிட்டான். படகில் இருக்கும்வரை காற்று ஒழுங்காகத்தான் வரும். ஆழத்துக்குப் போனால் போதாது. அப்போது இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

இன்ஜின் அறைக்குள் போனதும் ஒன்றைக் கவனித்தேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் காற்றழுத்த மீட்டரின் முள் படக்கென்று இறங்கியது. விட்டதும் ஏறியது. மீட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு கனத்தது. நசுங்கிய ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவதுபோல இருந்தது. ஸ்ஸ்ஸ்... என்று வரவேண்டிய காற்று ஸ்ஸ்... என்று பாதியில் நின்றது.

போதும் என்று திரும்பினேன். சிலிண்டர் எதிலோ மாட்டியது. தடவிப் பார்த்தால் ஒரு கம்பி. உதறினேன். அடியில் கிடந்த சேறு கிளம்பிவிட்டது. டார்ச் வெளிச்சம் பழுப்பாகி, பிறகு அதுவும் தெரியவில்லை.

கயிற்றை இழுத்தேன். அது எங்கோ குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. பதில் இல்லை.

வாயில் கவ்வி மூச்சிழுக்கிற ரெகுலேட்டர் உபரியாக இன்னொன்று இடுப்பில் தொங்கியது. அதற்கும் காற்று அதே வால்விலிருந்துதான். கையைப் பின்னால் கொண்டுபோனேன். முழங்கை சுவரில் இடித்தது. வால்வு எட்டவில்லை.

மூச்சை இழுத்தேன்.

வரவில்லை...

செத்தேன் என்றுதான் நினைத்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

அப்போது ஒரு கை என் தோளைப் பிடித்தது. மச்சினன்! அவன் என் வாயிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைத் திணித்தான். காற்று வந்தது. துருவை நக்கியதுபோல ஒரு ருசி. ஒரு மூச்சு. ரெண்டாவது மூச்சு.

உடனே அதைப் பிடுங்கினான். விடமாட்டேன் என்று கடித்தேன். கீழ்ப்பல் நுனி உடைந்தது.

எனக்குப் புரிந்தது. அது அந்தக் காலத்து முறை. இரண்டு பேருக்கு ஒரே ரெகுலேட்டர் என்றால், உனக்கு ரெண்டு மூச்சு, எனக்கு ரெண்டு மூச்சு. இப்போது எல்லாரிடமும் உபரி இருப்பதால் யாரும் அப்படிச் செய்வதில்லை.

மச்சினனுக்கு அந்த முறையே தெரியாது.

மறுபடி கொடுத்தான். எனக்கு ரெண்டு. பிடுங்கினான். அவனுக்கு ரெண்டு.

அவன் முறையில் குமிழிச் சத்தம் கேட்கவில்லை.

நான் மூச்சு விட்டால் குளுகுளுவென்று காதருகில் ஓடுகிறது. அவன் விட்டால்... ஒன்றுமில்லை.

என் கை கம்பியைக் கழற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் கம்பி விட்டது.

அந்தக் கை விடவில்லை.

மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தது. இங்கேயே இரு என்பதுபோல.

எனக்கு ரெண்டு. அவனுக்கு...

அவன் முறை நடக்கும்போதே கையை உதறினேன். கயிற்றைத் தடவித் தடவி நீந்தினேன்.

வாசலில் மச்சினன் நின்றான். நிறுத்திய இடத்திலேயே, இரண்டு கையிலும் கயிறு. என்னைப் பார்த்ததும் தன் உபரியை என் வாயில் வைத்தான். மேலே வந்தோம்.

"உள்ள வந்தியா மாப்ள?"

"எங்க மாமா வர்றது? ஒரே சேறு. நீங்க வேலையில இருக்கீங்கன்னு நினைச்சேன்."

பிறகு என் வால்வைத் தொட்டுப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்று அழுதான். சொல்லவில்லை. இன்றுவரை அவளுக்கு எதுவும் தெரியாது.

கப்பலை வெட்டியபோது இன்ஜின் அறையில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. பக்கத்தில் சிலிண்டர். யார், எப்போது போன ஆள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் ரெகுலேட்டரைப் போலீஸ் எங்கள் மெக்கானிக்கிடம்தான் கொடுத்தது. அவர் எனக்குப் போன் செய்தார்.

"உள்ள உப்பு பூத்துக் கல்லாயிருக்கு. ஊசிமுனை அளவு காத்துகூடப் போகாது. ஆனா, வாயில வைக்கிற ரப்பர்ல ஒரு பல் சில்லு குத்திட்டிருக்குப்பா. புத்தம் புதுசா..."

நான் போனை வைத்துவிட்டேன். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் காலையில் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, தூக்கத்துல ஏன் இப்படி மூச்சு விடுறீங்க?"

"எப்படி?"

"ரெண்டு மூச்சு விடுறீங்க. நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ரெண்டு. அந்தக் கப்பல் வேலைக்குப் போய் வந்ததுலேர்ந்து இப்படித்தான்."

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"டாக்டரைப் பாருங்க. முன்னெல்லாம் ரெண்டு மூச்சு நேரம்தான் நிக்கும். இப்ப அது கூடிட்டே போகுதுங்க."