அமுதவள்ளி அக்காவின் குளியலறைச் சுவர்

மலேசியாவில், கிள்ளானில், அமுதவள்ளி அக்காவின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வீட்டில் ஆண்கள் ஐந்து பேர்: அவர் கணவர் கமலநாதன் அண்ணன், மூன்று மகன்கள், நான். குளியலறை ஒன்று. அதன் சுவரைத் தேய்ப்பவரும் ஒருவர்தான்.

வாரமெல்லாம் பக்கத்து ஊரான மேருவில், கையுறைத் தொழிற்சாலையில், நின்றபடியே அக்காவுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சுவர். போன தீபாவளிக்கு, ஹோட்டல் மாதிரி இருக்கும் என்று பளபளப்பே இல்லாத மேட் சாயத்தை அண்ணன் அடித்துவிட்டார். தீபாவளி விடியலில் நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்தபோதே சுவரெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை. தேய்த்தால் கறை போகவில்லை, சாயம்தான் வந்தது. சில மாதங்களில் மூலைகளில் கரும்பூசணம் ஏறியது. தேய்த்துத் தேய்த்து அக்காவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. இப்போது வலது கையைத் தூக்கித் தலை வார முடியாது. மருத்துவர் கையை உயர்த்தும் வேலையே கூடாது என்றார். பூசணத்திடம் அதை யார் சொல்வது?

“இந்தத் தடவ செமி கிளாஸ், கொஞ்சம் பளபளப்பு உள்ளது. ஈரத் துணியால ஒரு இழுப்பு, போயிடணும்,” என்று அக்கா பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, அண்ணன், டின் தூக்க நான் என்று மூவருமாகச் சாயக் கடைக்குப் போனோம்.

அண்ணனைப் பார்த்ததும் கடைக்காரர் செல்வகுமார் ஒரு டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார். “பாஸ், நீங்க போன்ல சொன்ன கலரு. நேத்தே கலக்கிட்டேன்.”

அக்கா மூடியைப் படித்தார். “மேட்டா?”

“செமி கிளாஸ் மினுமினுன்னு பெட்ரோல் ஸ்டேஷன் டாய்லட் மாதிரி இருக்கும்லா,” என்றார் அண்ணன்.

“டாய்லட்டு டாய்லட் மாதிரி இருந்தா என்ன? உள்ள கல்யாணமா வைக்கப் போறீங்க?”

செல்வகுமார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கலக்குன சாயத்தத் திருப்பி எடுக்க மாட்டோம் அக்கா.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க படிச்சவரு. சொல்லுங்க.”

எனக்கு விசா புதுப்பிக்கும் நேரம். இந்த அறையும் போனால் எங்கே போவது? “ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு,” என்றேன்.

“ரெண்டையும் நீயா தேய்க்கப் போற?” அக்கா அதுவரை என்னை நீ என்று சொன்னதே இல்லை.

“சரி, சரி,” என்றார் அண்ணன். “செல்வா, வீட்டுக்காரி ஆசைப்படுறா. செமி கிளாஸ் ஒன்னு குடுத்துடு.”

“ஆசையா?” கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “ஆசைன்னா நகைக்கடைக்குப் போயிருப்பேன். எதுக்கு வேணும்னு அவர்கிட்ட ஒழுங்கா சொல்லுங்க.”

அண்ணன் மேட் டின்னை ஓரமாக நகர்த்தினார். “இவளுக்குக் கை தூக்க முடியல,” என்றார் செல்வகுமாரிடம்.

“எதனால?” என்றார் அக்கா.

“சுவரத் தேய்ச்சு.”

“யாரு அடிச்ச சாயம்?”

“நான்தான்லா. போதுமா?”

“போதாது. அந்த மேட்ட ஹால்ல அடிங்க. அங்க யாரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறதில்ல.”

நான் தூக்கப் போனேன். “நீ விடு,” என்றார் அக்கா. இரண்டு டின்களையும் அண்ணனே சுமந்து வந்து காரில் வைத்தார். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, சிக்னலில் நின்றபோது அண்ணன் வானொலியைப் போட்டார்.

அக்கா இடது கையை நீட்டி அதை அணைத்தார்.