பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

அந்தக் கடைக்காரனை ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் வரவில்லை. அவன் என்றே இருக்கட்டும்.

உத்திரமேரூரில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரில், ஒரு மாடி அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மனு, ஒப்பந்தம், வாக்குமூலம், எதைச் சொன்னாலும் அடித்துத் தருவேன். அம்மா நாற்று நட்டும் களை பறித்தும் படிக்கவைத்தாள். எங்கள் காலனியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த முதல் பெண் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் எழுத்துதான் வேண்டும் என்றாகிவிட்டது. வங்கியில் கடன் வாங்கி, தை மாதம், காஞ்சிபுரத்தில் அவன் கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். எல்லாப் பாகமும் புதியது, ஒரு வருட வாரண்டி என்று பில்லில் எழுதிக் கொடுத்தான். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

பங்குனியிலேயே மக்கர் செய்தது. அடித்துக்கொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுவிடும், அடித்தது அத்தனையும் போய்விடும். இரண்டு முறை கடைக்குத் தூக்கிப்போய்ச் சரிசெய்து வந்தேன். சித்திரையில் அடியோடு நின்றுபோனது. மூன்றாம் முறை தூக்கிக்கொண்டு போனபோது கடை நிறைய ஆள். எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர் ஒருவரும் அங்கே இருந்தார். கடைக்காரன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“எந்த ஊரு நீ? காலனியா?” என்றான். “உங்களுக்கெல்லாம் இன்னாத்துக்கும்மா கம்ப்யூட்டர்? தொடத் தெரியாம தொட்டுக் கெடுத்துட்டு, இங்க வந்து பேஜார் பண்ணிக்கினு கீற.”

யாரோ சிரித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்காக என்மேலேயே எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

நான் பஸ் பிடித்து வருவதற்குள் எழுத்தர் மூலம் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. வாங்கின மிஷினையே கெடுத்துவிட்டாளாம், இவளிடம் போய்ப் பத்திரத்தைக் கொடுப்பதா என்று பேசிக்கொண்டார்கள். வழக்கமாக வருகிறவர்கள் என் படிக்கட்டைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். கடனைக்கூட எப்படியாவது அடைத்துவிடலாம். நான்தான் கெடுத்தேன் என்ற பேச்சை அவன் வாயாலேயே மாற்ற வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவுசெய்தேன்.

டைப்ரைட்டரைக் கழற்றி மாட்டிப் பழகிய கை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஹார்டு டிஸ்க்கின் பக்கவாட்டில் வட்டமாகக் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜை வந்தால் கத்தரிக்கோலிலிருந்து காலண்டர் மாட்டும் ஆணிவரை பொட்டு வைக்கிற ஊர்கள் எங்கள் பக்கத்து ஊர்கள். யாரோ ஒரு புண்ணியவான் தன் கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளேயும் வைத்திருக்கிறான். அந்த ஆள் கழித்துப்போட்டதைத்தான் எனக்குப் புதியதென்று விற்றிருக்கிறான் கடைக்காரன்.

எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சிக்கினான்.

கீழே இருந்த ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்தேன். செங்கல்பட்டு நுகர்வோர் மன்றத்துக்கு மனுவை என் பழைய டைப்ரைட்டரிலேயே அடித்தேன். வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ‘ஹார்டு டிஸ்க்கில் பொட்டு இருக்கிறது’ என்று மட்டும் எழுதினேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் ஆயுத பூஜையே கிடையாது என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. என் பெயரை வைத்து மதம் தெரியாது. அவன் தானாக வந்து விழட்டும் என்று காத்திருந்தேன்.

விழுந்தான். ‘மனுதாரர் ஆயுத பூஜையன்று சந்தனமும் தண்ணீரும் தெளித்ததால்தான் இயந்திரம் பழுதானது’ என்று பதில் மனு வந்தது. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

வாய்தா வாய்தாவாக ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தான். “வுட்டுத் தொலடி, ஆண்டவர் பாத்துக்குவாரு” என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்தால் எனக்கு அவன் முகம்தான் வரும். எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன், ஆனால் மன்னிக்கவில்லை.

விசாரணையன்று அவனுடைய வக்கீல் முதலில், இவர் தொழிலுக்காக வாங்கியவர், நுகர்வோரே ஆகமாட்டார் என்றார். சொந்தப் பிழைப்புக்காக வாங்கி, தானே வேலை செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று மன்றத் தலைவரே சொல்லிவிட்டார். வக்கீல் அடுத்து ஆயுத பூஜைக் கதையை எடுத்தார். தலைவர் என்னைப் பார்த்தார்.

“ஐயா, நாங்க கிறிஸ்தவங்க. எங்க வூட்ல ஆயுத பூஜ கிடையாது” என்று ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினேன். “அப்படியே இருந்தாலும் பில்லப் பாருங்க. தை மாசம் வாங்கனேன், சித்திரையில நின்னுபூட்ச்சி. நடுவுல எந்த ஆயுத பூஜ வந்துச்சின்னு அவரையே கேளுங்க.”

தலைவர் கேட்டார். அவன் வக்கீலைப் பார்த்தான், வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டினார். அந்த இரண்டு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது.

புதிய கம்ப்யூட்டரும் செலவுத் தொகையும் தர வேண்டும் என்று உத்தரவானது. ஒரு மாதக் கெடு முடிந்தும் அவன் அசையவில்லை. உத்தரவை நிறைவேற்றாதவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கும் ஒரு மனு அடித்தேன். அவனுக்கு வாரண்ட் போனது.

மறுவாரமே ஆட்டோவில் வந்து இறங்கினான். பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். தெருவே பார்த்தது, பத்திர எழுத்தர் உட்பட. நான் உதவவில்லை.

“பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுடும்மா. கோர்ட்ல காட்டணும்” என்று ரசீதை நீட்டினான்.

வாங்கி வைத்துக்கொண்டேன். “திறந்து காட்டுங்க சார்.”

சட்டை நனைய, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகக் காட்டினான். எல்லாம் புதியது. திரும்ப மாட்டி ஓடவிட்டான். நான் உட்கார்ந்து அதில் முதல் பக்கத்தை அடித்தேன். ‘பழைய பாகத்தைப் புதியது என்று அறிந்தே விற்றேன். இயந்திரத்தை இந்தப் பெண் கெடுக்கவில்லை. கெடுத்ததாகப் பலர் முன்னிலையில் நான் சொன்னது பொய்.’ எங்கள் தொழில் வழக்கப்படி மூன்று பிரதி எடுத்து, பேனாவோடு அவன் முன் வைத்தேன்.

படித்தான். வெகுநேரம் படித்தான்.

“அந்த ‘அறிந்தே’ மட்டும் எடுத்துடேம்மா.”

“இருக்கட்டும் சார்.”

முதல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். “கோர்ட்டுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. மூணாவது இன்னாத்துக்கு?”

“கீழ, படிக்கட்டாண்ட ஒட்டறதுக்கு” என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தான். அவனுடைய ரசீது என் கையில்தான் இருந்தது, கையெழுத்து இல்லாமல். அவன் பேனாவை எடுத்தான்.