எங்கே போறியள் என்று கேட்ட காலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கட்டைபறிச்சான் தொடக்கம் வெருகல் வரைக்கும் கேட்டுப் பாருங்கள், படகு எஞ்சின் பழுதென்றால் என்னைத்தான் காட்டுவார்கள். வெறுங்கையோடு தொடங்கி இன்றைக்கு இரண்டு மீன்பிடிப் படகும் ஒரு பட்டறையும் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் விடப் பெரிய கெட்டித்தனம், என் மனைவியைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆக்கினது. அவ இதை ஒத்துக்கொள்ளமாட்டா. நடந்ததை எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

அவ படித்தது கணிதம். என்னிலும் நன்றாக இளையவ. இடம்பெயர்ந்து அலைந்ததில் படிப்புப் பிந்தி, கலியாணத்துக்குப் பிறகுதான் கலாநிதிப் பட்டம் எடுத்தா. தற்காலிக விரிவுரையாளராகவே வருசங்கள் போயின. நிரந்தர வேலைக்கென்று யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்ததுதான் மிச்சம். கடைசியில் குடாவுக்கு அங்கால், திருகோணமலையிலேயே ஒரு இடம் விழுந்தது. இதுவும் தவறினால் வயது கடந்துவிடும், பிறகு விண்ணப்பிக்கவே ஏலாது.

நேர்முகத்தில் ஒரு சின்னப் பாடம் நடத்திக் காட்ட வேணும். காசு சுண்டுகிறது, தாயக்கட்டை உருட்டுகிறது என்று நிகழ்தகவுப் பாடம் ஒன்றை ஆயத்தப்படுத்தினா. பட்டறைக் கதிரையில் என்னை இருத்தி வைத்துத்தான் பழகினா.

"விளங்குதோ?"

"நித்திரை வருது."

"உங்களுக்கு விளங்கினால் ஊருக்கே விளங்கும். அசையாமல் இருங்கோ."

அன்று காலை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டோம். படலையைத் தாண்டவில்லை, முன்வீட்டு மனிசி கேட்டுவிட்டா: "அக்கா, நல்ல சீலையெல்லாம் கட்டி எங்கே போறியள்?"

கடலுக்கு வெளிக்கிடுகிறவனிடம் எங்கள் கரையில் அப்படிக் கேட்கமாட்டார்கள். தூரமோ என்றுதான் கேட்பார்கள். தவறிக் கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் இருந்து, தண்ணி குடித்துத்தான் மறுபடி இறங்க வேணும். நான் அவவைத் திருப்பிக் கொண்டுவந்து இருத்தினேன்.

"இஞ்சாருங்கோ, நான் மீன் பிடிக்கவோ போறன்?"

"தண்ணியைக் குடியும்."

குடித்தா. வெளியில் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

அவ ஏசவில்லை. முகம் வெளிறிப்போய் இருந்தா. அடுத்த பஸ்ஸில் போனால் நேர்முகம் முடிந்திருக்கும். ஆனால் நான் மலைத்து நிற்கிற ஆள் இல்லை. "வாரும்" என்று கரைக்குக் கூட்டிப் போய்ப் படகை இறக்கினேன். ரோட்டால் சுற்றிப் போகிறவனை வெல்லுகிற எஞ்சின் அது, நானே பூட்டினது. கொட்டியாரக் குடாவும் அன்றைக்கு எண்ணெய் விட்டமாதிரிக் கிடந்தது.

பாதிக் கடலில் என் பக்கம் திரும்பினா. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினா.

"கேட்டும் போன நாளில வெறுங்கையோட வந்திருக்கிறியளோ?"

"ஓம். எத்தினையோ நாள்."

"ஒருத்தரும் கேக்காத நாளில?"

"அப்பிடியும் வந்திருக்கிறன்."

"கேட்டும் போய் மீன் அள்ளின நாள்?"

யோசித்தேன். அதுவும் இருந்தது. "உண்டு" என்றேன்.

"அப்ப ஏன் முதல் சொன்னதை மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறியள்?"

எஞ்சினைப் பார்க்க வேணும் என்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பட்டறையில் அத்தனை நாள் விளங்காதது அந்த இடத்தில் விளங்கினது. திரும்பிப் பார்க்கிறேன், காசும் தாயக்கட்டையும் எழுதின தாள்களை மடித்துப் பைக்குள் வைக்கிறா. முகத்தில் சிரிப்பு.

நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். சீலைக் கரை நனைந்தபடி உள்ளே போனா. வெளியில் வரும்போது கிட்டத்தட்ட ஓடி வந்தா.

"பாடத்தை மாத்திப்போட்டன். முழுக்க உங்கட கதைதான்."

"என்னை வைச்சுப் பகிடி பண்ணினீரோ?"

"பகிடியில்லை, உதாரணம். தலைமையில இருந்த சேர் சிரிச்சுப்போட்டு, அந்த மனுசன் இப்ப எங்கே எண்டு கேட்டார். வாசல் கேற்றடியில தண்ணிப் போத்தலோட நிக்கிறார் எண்டன்."

கொஞ்ச நாளில் வேலை கிடைத்ததை அவ போனில் சொன்னா. பட்டறையில் ஓடின எஞ்சினையெல்லாம் நிற்பாட்டி, எல்லாருக்கும் கேட்க இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். அன்றைக்கு நான் திருப்பிக் கொண்டு வராவிட்டால் அவ தாயக்கட்டைதான் உருட்டியிருப்பா. ஒரு நாளை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று அவ இப்போதும் வாதாடுகிறா.

முதல் நாள் வேலைக்கு வெளிக்கிட்டபோது படலையடியில் நானே போய் நின்றேன்.

"எங்கே போறீர்?"

"வேலைக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் பஸ்ஸில் ஏறினா.