அண்ணி காய்ச்சிய முகப்பவுடர் பாயசம்

பாண்டான் இலை வாசனை. அதற்கு அடியில் லேசான புளிப்பு. மேலே நெய்யில் வறுத்த முந்திரி.

அந்தப் பாயசத்தை நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அண்ணன் மூன்று. அவனுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது...

மலேசியாவில், கோலா பிலா பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் அண்ணன் கிராணி, கணக்கெழுதும் வேலை. நான் சிரம்பானில் புது ரிப்போர்ட்டர். சனி, ஞாயிறு அங்கே போய்விடுவேன். அண்ணி வாசுகி புதுக்கோட்டையிலிருந்து வந்தவர். பேச்சுத் துணைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே ஆள், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார மக்சிக் ரொகாயா; மக்சிக் என்றால் அத்தை. லாரி டிரைவரின் மனைவி. எஸ்டேட்டிலேயே வளர்ந்தவர், தமிழ் தாராளமாக வரும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த நலங்கு மாவில் ஒரு டப்பாவை அண்ணி அவருக்குக் கொடுத்தார். பயறும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்தது; சோப்புக்குப் பதில் தேய்த்துக் குளிக்க. கையில் தேய்த்தும் காட்டினார்.

வந்த டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவது இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பினால், டப்பா வாசற்படியில் இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன மணிகள்.

"அட, ஜவ்வரிசி!" என்றார் அண்ணி.

இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எதையும் எழுதாதே என்று ஆசிரியர் என்னை வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த காலம். நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. "ஆமா அண்ணி" என்றேன்.

அடுப்பில் அது முத்து முத்தாக வேகவில்லை. போட்ட நிமிடமே கரைந்து கஞ்சியானது.

"இந்த ஊரு ஜவ்வரிசிக்கு உசுரே இல்லியே!"

நாங்கள் குடித்தது போக மீதி, அதே டப்பாவில் வேலியைத் தாண்டியது. மக்சிக் திறந்தார். முகர்ந்தார். எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஐயோ வாசுகி... இது பெடாக் செஜோக் லா! மூஞ்சில பூசுறது!"

அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, சொட்டுச் சொட்டாகக் காயவைத்த முகப்பவுடர். மக்சிக் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணி கதவைச் சாத்தினார். மறுநாளும் திறக்கவில்லை. "இனிமே எஸ்டேட்டே என்னைப் பாத்துச் சிரிக்கும். என்னை ஊருக்கு அனுப்பிடுங்க" என்று பாஸ்போர்ட்டைத் தேடினார். அண்ணன் அதை அரிசி டின்னில் ஒளித்து வைத்தான்.

ஞாயிறு சாயங்காலம் மக்சிக் ஒரு தட்டோடு வந்து கதவைத் தட்டினார். மஞ்சள் மஞ்சளாக ஆறு போண்டா. அண்ணி வேண்டாவெறுப்பாக ஒன்றைக் கடித்தார். கசப்பு. அப்புறம், நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை... நலங்கு மாவு!

"நானும் தெரியாம பொரிச்சிட்டேன். நீ என் பவுடரைக் குடிச்சே, நான் உன் சோப்பைப் பொரிச்சேன். சரியாப் போச்சு லா!"

அண்ணி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த போண்டா என் சட்டையில் வந்து விழுந்தது. பாஸ்போர்ட் அரிசி டின்னிலேயே கிடந்தது.

இப்போது அண்ணி சிரம்பானை ஒட்டிய பாரோயில் இருக்கிறார். பவுடரும் பாயசமும் பாக்கெட்டில், மூன்று மொழியில் அச்சடித்து வருகின்றன. யாரும் தப்பாகக் காய்ச்சுவதில்லை. யாரும் போண்டாவோடு கதவைத் தட்டுவதும் இல்லை.

போன வாரம் அண்ணி வீட்டிலிருந்து மக்சிக்குக்கு போன் போட்டேன். இத்தனை வருஷமாக மனசில் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"உங்க வீட்ல எட்டுப் பேரு. போண்டா ஆறே ஆறு. அண்ணி கையில தேச்சு வேற காட்டினாங்க. நெசமாவே தெரியாமத்தான் பொரிச்சீங்களா?"



"வாசுகி பக்கத்துல இருக்காளா?" என்றார் மக்சிக். "மெதுவாப் பேசு லா."