போன வார டிவி புத்தகம்

நாகலூர் வீட்டு அலமாரியைத் துடைத்தபோது, அடியில் விரித்திருந்த பழைய டிவி நிகழ்ச்சிப் புத்தகத் தாள் கையோடு வந்தது. அந்த மக்கல் வாடைக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டில் வாரம் முடிந்து கழித்த புத்தகம்தான் எங்களுக்கு வரும். அம்மா காபிப்பழம் பறிப்பதை டிவிக்காரர்கள் படம்பிடித்துப் போயிருந்தார்கள். அது வியாழக்கிழமை வரும் என்று அதில் படித்த அப்பா, தேதியைப் பார்க்கவில்லை. அம்மா பூ வைத்துக்கொண்டு எங்களை டிவி இருந்த ரைட்டர் வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"அது போன வாரமே போட்டாச்சே கண்ணு, நாங்க பாத்தமே" என்றாள் ரைட்டர் மனைவி.

கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் வீடு. ஒருத்தருக்கும் கூப்பிடத் தோன்றவில்லை.

"ஏனுங்க, நான் சிரிச்சனுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் ஆரு கவனிச்சா?"

இப்போது போனில் படமெடுக்கும்போது அம்மாவைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.