அவள் நாயிடம் மட்டும் பேசினாள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது கையும் காலும் சில மாதங்களில் ஓரளவு தேறின. பேச்சுதான் தேறவில்லை. நினைப்பு அவளுக்குள் சரியாகவே இருந்தது. வாய்க்கு வரும்போது வேறு வார்த்தையாகிவிடும். சீப்பைக் கேட்க நினைத்தால் 'சாவி' என்று வரும். தப்பு என்று அவளுக்கே உடனே தெரிந்தும்விடும். அதுதான் கொடுமை.

"தப்போ சரியோ, தினமும் பேச வைங்க சார்" என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொல்லி அனுப்பினார். நானும் பேச வைத்தேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. ஒரு பொருளைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லு" என்பேன். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். பாதியில் நின்றால் மீதியை நானே சொல்லி முடிப்பேன்.

ஒருநாள் சமயநல்லூரிலிருந்து அவளுடைய தம்பி குடும்பத்தோடு பார்க்க வந்திருந்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பிக்குக் குழம்பு ஊற்றச் சொல்ல நினைத்தவள் என்னைப் பார்த்து, "அவனுக்கு மண்ணெண்ணெய் ஊத்துங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து எங்கள் யாரிடமும் அவள் பேசவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள். மகள் சென்னையிலிருந்து போன் செய்தால், காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள்.

எனக்குப் பரவை மார்க்கெட்டில், ஒரு காய்கறி கமிஷன் கடையில் வேலை. விடிவதற்கு முன்பே போய்விட்டுப் பத்து மணிக்கு மேல்தான் திரும்புவேன். அதுவரை எதிர்வீட்டம்மா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வார். அந்த மழைக்காலத்தில் ஒரு செவலை நாய், பின்னங்காலில் வண்டி ஏறிய காயத்தோடு, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து படுத்துக்கொண்டது. விரட்டலாம் என்று கம்பை எடுத்தேன். என் மனைவி வந்து கம்பைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பிடித்திருந்தாள். என்னால் உருவ முடியவில்லை.

ஒருநாள் லோடு வரவில்லை என்று சீக்கிரமே வீடு திரும்பினேன். கொல்லையில் பேச்சுக்குரல் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் நாயிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாவி தின்னு. இல்ல... சோப்பு. இல்ல. சோறு. சோறு தின்னு."

நாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை. அவள் வார்த்தையைத் தேடி எடுக்கும்வரை காத்திருந்தது.

"நேத்து அவரு... கதவு... இல்ல. அவரு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

அது நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அது நேற்று.

நான் வெளியே வந்து, "தப்புதான் புள்ள" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் முதல் வேலை முடிந்து வந்ததும் கொல்லைக்குப் போய்த் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். இப்படியே ஒரு மாதம் போனது. ஒரு காலை, நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காப்பி வேணுமான்னு கேளு."

"வேணும்னு சொல்லு" என்று நானும் நாயிடமே சொன்னேன்.

கொஞ்ச காலம் அந்த நாய் வழியாகத்தான் குடும்பம் நடத்தினோம். பிறகு அவள் நேராகவே என்னிடம் பேசினாள். தப்பாக வந்தால் நிறுத்தி, அவளே திருத்திக்கொண்டாள். நான் காத்திருக்கப் பழகியிருந்தேன். தை மாதத்தில் மகள் போன் செய்தபோது, "எப்ப வார?" என்று இவளே கேட்டாள். அந்தப் பக்கம் மகள் அழுததை நானும் கேட்டேன்.

பங்குனியில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. நான் மார்க்கெட்டில் இருந்தேன். வீட்டில் நாய் விடாமல் குரைத்திருக்கிறது. எதிர்வீட்டம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "கொரங்கு வந்திருக்கும்னு நெனச்சேன்ணே. அம்புட்டு நேரம் கத்துச்சு. நான் எந்திரிச்சு வந்து பாக்கலையே."

அவர் வந்து பார்த்தபோது அவள் கொல்லை வாசலில் விழுந்து கிடந்தாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் உடலாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாய் ஆளைக் காப்பாற்றிய கதைகளை யாராவது சொன்னால் இப்போது நான் எழுந்து போய்விடுகிறேன். எங்கள் நாயும் தன்னால் முடிந்ததைச் செய்தது. வருவதற்கு ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகள், "எங்ககூட வந்துருங்கப்பா" என்றாள்.

"இத என்ன செய்ய?"

"எங்க அபார்ட்மெண்ட்ல நாய விடமாட்டாங்கப்பா. யார்கிட்டயாவது குடுத்துருவோம்."

"அப்ப நான் வரல."

பெற்ற மகளைவிட நாய் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டுவிட்டு அவள் கிளம்பிப் போனாள்.

இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். குளிக்கவில்லை, சமைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நாய் கதவைப் பிறாண்டியது. "இருடா, வாரேன்" என்றேன். இரண்டு நாளாகப் பேசாத தொண்டையில் வேறு யாரோ பேசியது போல இருந்தது. எழுந்து அதற்காக உலை வைத்தேன். மீதிச் சோற்றில் மோரை ஊற்றி, நின்றபடியே நானும் சாப்பிட்டேன். அதற்குப் பசிக்கிறது என்பதால் தினமும் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். நாயால் எனக்கு என்ன ஆறுதல் என்று கேட்கிறார்கள். ஆறுதல் எதுவும் இல்லை. அது இல்லாவிட்டால் அன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

எதிர்வீட்டம்மா பல மாதம் என் முகத்தைப் பார்க்காமல் தெருவில் ஒதுங்கிப் போனார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறி எலும்பைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கேட் அருகே வந்து நின்றார்.

"நாய்க்கு வச்சுட்டுப் போறேன்ணே."

"உள்ள வந்தே வைம்மா" என்றேன்.

வந்து வைத்தார். அது கடித்து முடிக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் வருகிறார்.